அடுப்பு மேடை வழக்கு

சித்த தள்ளி உக்காருங்க தம்பி, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். காத்துக்கு இல்லீங்க. இங்க உக்காந்தாத்தான் முன் படியும் தெரியும், பின் படியும் தெரியும். டிக்கெட் எடுத்துட்டீங்களா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதீங்க. கவர்மெண்ட் பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். மூஞ்சியப் பார்த்தே சொல்லிருவேன், எவன் எடுத்திருக்கறான், எவன் எடுக்கலைன்னு. அதா, முன்னால பச்சைச் சட்டை போட்டு உக்காந்திருக்கறான் பாருங்க, அவன் எடுக்கல. கண்டக்டர் கிட்ட வந்தா வெளிய வேடிக்கை பார்ப்பான். பார்த்துட்டே இருங்க.

நான் கோர்ட்டுக்குப் போயிட்டு வரேனுங்க. தாராபுரம். தீர்ப்பு நகல் வாங்கிட்டு வரேன், இந்தப் பைக்குள்ளதான் இருக்குது. அதெல்லாம் படிக்க வேண்டாம், இங்கிலீஷு. நானே சொல்றேன். நான் தோத்துட்டேன். கேஸுலதான் தோத்தேன், நியாயத்துல தோக்கல. மேல இன்னும் கோர்ட்டு இருக்குதில்லீங்க?

என்ன கேஸுன்னு கேக்க மாட்டீங்களாட்ட இருக்குது. கேளுங்க. ஊடு கட்டுன மேஸ்திரிக்குப் பாக்கிக் காசு நான் தரலைன்னு அவன் போட்ட கேஸு. ஆமா, தரல. எதுக்குத் தரோணும்? சொன்னபடி கட்டியிருந்தா தந்திருப்பேன். சுவரு நல்லாத்தான் இருக்குது, தளம் ஒழுகல, படி நேரா இருக்குது. பொய் சொல்லக்கூடாது, அந்த மேஸ்திரி சென்னியப்பன் வேலை சுத்தமான வேலைதான். ஆனா அடுப்பு மேடை? அங்கதானுங்க இத்தனை அக்கப்போரும்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் புரியும். சர்வீஸ் முச்சூடும் எங்களுக்கு வாடகை ஊடுதான். டிப்போ டிப்போவாத் தூக்கிப் போடுவாங்க, நாங்களும் சட்டி பானையத் தூக்கிட்டுப் போவோம். சம்சாரம் பேரு மயிலாத்தா. ஆளு கொஞ்சம் குள்ளமுங்க. எந்த ஊட்டுக்குப் போனாலும் அடுப்பு மேடை அவளுக்கு நெஞ்சு ஒசரத்துக்கு நிக்கும். அதுக்காக ஒரு வேப்பம்பலகை வெச்சிருந்தா. அதைக் கீழ போட்டு, அது மேல ஏறி நின்னுதான் சோறாக்குவா. ஊடு மாத்தறப்பெல்லாம் வண்டியில முதல்ல ஏறுறது அந்தப் பலகைதான், சாமி படங்கூட அப்புறந்தான். ஒருக்கா அதுல இருந்து வழுக்கி, கொதிக்கிற ரசத்தோட உழுந்து, கை வெந்து போச்சு. இன்னும் தழும்பு கெடக்குது. அதை எதுக்கு இப்பச் சொல்றேன்? கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உடுங்க.

ரிட்டயர் ஆன காசுல மூலனூருக்கு இந்தப் பக்கமா எடம் வாங்கி ஊடு கட்டுனேன். இன்ஜினியர்கிட்ட வரைபடம் போட்டு வாங்கி, எதெது எத்தனை ஒசரம், எத்தனை அகலம்னு எல்லாம் எழுதி, சென்னியப்பன் கையில குடுத்தேன். தெனமும் குடையப் புடிச்சுக்கிட்டு நின்னு பார்த்தேன். வேலை முடியற சமயம் பார்த்து எனக்குப் பென்ஷன் ஆபீஸுல ஒரு வேலை வந்துருச்சு. போயிட்டுத் திரும்பி வந்து பார்க்கறேன், அடுப்பு மேடை போட்டு, மேல கருங்கல்லும் பதிச்சு, தொடைச்சு வெச்சிருக்கறான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக உக்காந்து எழுதற பெஞ்சாட்ட, அத்தனை தாழ்வா.

எனக்குத் தொடைக்குத்தானுங்க வருது. நான் அங்க நின்னு பார்த்தேன். காய் நறுக்கற மாதிரி கையை வெச்சு வெச்சுப் பார்த்தேன். சித்த நேரத்துல இடுப்பு புடிச்சுக்கிச்சு. நான் ஆயுசுல ஒருக்காக்கூடச் சோறாக்குனதில்ல, அது வேற சங்கதி. அளவுன்னா அளவுதானுங்களே?

கூப்புட்டேன் சென்னியப்பனை. "என்னப்பா இது?"ன்னேன்.

"அக்கா சொன்ன ஒசரமுங்க"ன்னான். மயிலாத்தாளை அவன் அக்கான்னுதான் கூப்புடுவான். "அக்காவை நிக்க வெச்சு, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்குக் கீழ கோடு போட்டேனுங்க. சமைக்கப் போறது அக்காதானுங்களே."

"ஊடு யாரு பேருல இருக்குது?"ன்னேன். "கோடு போடறதுன்னா என்னைய நிக்க வெச்சுப் போடு. இதை இடிச்சுட்டு வரைபடத்துல இருக்கற மாதிரி கட்டு. கட்டுன பொறகு பாக்கியை வாங்கிக்க."

அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? "அக்கா இடிக்கச் சொன்னா இடிக்கறேனுங்க"ன்னான். இவ என்ன பண்ணுனா, அந்தக் கல்லு மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு, "இடிக்க வேண்டாம், நாந்தான் சொன்னேன்"னு நிக்கறா.

இங்கதான் நீங்க கவனிக்கோணும். டிக்கெட் எடுக்காதவன் எவனைப் புடிச்சாலும், "கண்டக்டர்தான் ஏறச் சொன்னாருங்க"ன்னுவான். கண்டக்டரும் பாவம் பார்த்து, "ஆமாங்க சார், நாந்தான் சொன்னேன்"னு மாட்டிக்குவாரு. எத்தனை பேரைப் பார்த்திருக்கறேன்! மயிலாத்தாளுக்கு எளகுன மனசு. மேஸ்திரியைக் காப்பாத்தறதுக்குத் தன் மேல பழியைப் போட்டுக்கிட்டா. அதுகூடத் தெரியாமயா நான் இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தேன்?

இடிக்க மாட்டேன்னுட்டான். காசு இல்லைன்னுட்டேன். சாமானத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான். போறப்போ தச்சு கழிக்காமப் போயிட்டான் பாருங்க, அதுதான் பெரிய அலும்பு.

தச்சு கழிக்கறது தெரியுமில்ல? உங்க பக்கம் இல்லீங்களா? புது ஊட்டுக்குக் குடி போறதுக்கு முன்னால, கட்டுனவங்களே வந்து, பொழுது சாஞ்சதுக்கப்புறம் ஒரு பூசை போடுவாங்க. சேவல் அறுத்து மூலைக்கு மூலை ரத்தம் தெளிப்பாங்க. நாம மேஸ்திரிக்குக் கோடி வேட்டி எடுத்துக் குடுக்கோணும். அப்பத்தான் கட்டுனவன் கையை உட்டு ஊடு நம்ம கைக்கு வருது. அதைச் செய்யாத ஊட்டுல எங்க பக்கம் எந்தப் பொம்பளையும் பால் காய்ச்ச மாட்டா. மயிலாத்தாளும் மாட்டேன்னா.

மறுமாசமே அவன் கேஸு போட்டான். நான் வக்கீல் சுதாகரனைப் புடிச்சேன். நல்ல மூளைக்காரரு. அவரு ஒரே வார்த்தை சொன்னாரு. "சார், வேலை முடியல, ஊடு எங்க கைக்கு வரலைன்னுதான் நம்ம வாதம். நீங்க குடி போயிட்டா வேலை முடிஞ்சுது, நீங்களும் ஏத்துக்கிட்டீங்கன்னு ஆயிரும். தீர்ப்பு வர்ற வரைக்கும் உள்ள கால் வெக்காதீங்க." தச்சு கழிக்காமப் போனது நமக்கு எத்தனை நல்லதாப் போச்சு பாருங்கன்னாரு. நானும் அதை அப்படியே எழுதச் சொல்லி கோர்ட்டுல குடுத்தேன்.

அப்ப எங்க இருக்கறது? வாடகை ஊட்டைத்தான் காலி பண்ணியாச்சே. சிமெண்டு மூட்டை அடுக்கறதுக்குப் பக்கத்துலயே தகரத்துல ஒரு சாளை போட்டிருந்தோம். அதுலதான். கேஸு சீக்கிரம் முடியும்னு நெனைச்சேன். கோர்ட்டு பத்தி உங்களுக்குத் தெரியாதா? ஒரு வாய்தாவுக்கு அவன் வக்கீல் வரமாட்டாரு, அடுத்த வாய்தாவுக்கு நம்மாளு வரமாட்டாரு. தீவாளி, பொங்கல்னு எத்தனை நோம்பி வந்துட்டுப் போச்சு! நான் ஒரு வாய்தா தவறுனதில்ல. தேய்ச்ச சட்டை போட்டுக்கிட்டு முதல் பஸ்ஸைப் புடிச்சுப் போயிருவேன். கேண்டீன்காரன் என்னையப் பார்த்ததும் சக்கரை கம்மியா டீ போட்டுருவான். குமாஸ்தா எந்திரிச்சு நின்னு "வாங்க சார்"ம்பாரு. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் எவன் நமக்கு எந்திரிச்சு நிக்கறான், சொல்லுங்க?

அய்யோ, இவன் எதுக்கு இங்க நிறுத்தறான்? இங்க ஸ்டாப்பே கெடையாது. என்ற காலத்துல இப்படி நிறுத்துனா மெமோ குடுத்திருப்பேன். சரி, போகட்டும்.

எங்க உட்டேன்? ஆங், சாளை. வெயில் காலத்துல தகரம் காயும் பாருங்க, உள்ள ஆளு வெந்துபோகும். பக்கத்துலயே புது ஊடு, பூட்டிக் கெடக்கும். "ஒருக்கா உள்ள போயிக் கூட்டிட்டு மட்டும் வந்துரட்டுங்களா? ஒரே தூசியாக் கெடக்குது"ன்னு கேப்பா. கூடாதுன்னுட்டேன். கூட்டுனா, தொடைச்சா, குடியிருந்த மாதிரி ஆயிரும். சாவியை அரணாக்கயித்துல கட்டி இடுப்புலயே வெச்சுக்கிட்டேன். அவ ஊட்டைச் சுத்திக்கிட்டுப் போயி, சமையக்கட்டு சன்னல் வழியா எட்டிப் பார்ப்பா. பார்க்கறதுக்கு என்ன, பார்த்துக்கட்டும்னு உட்டுட்டேன். மத்தியானத்துக்கு மேல அந்த ஊட்டு நெழல் சாளைப் பக்கம் உழுகும். அதுல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருப்பா. நெழல்ல உக்காந்தா குடியிருப்புல சேருமான்னு வக்கீலைக் கேட்டேன். நான் எத்தனை சாக்கிரதைங்கறதுக்குச் சொல்றேன். சேராதுன்னாரு, சிரிச்சாரு. அதுக்கப்புறந்தான் உக்கார உட்டேன்.

அந்த ஒரு வருத்தந்தான் அவளுக்கு. வேற ஒண்ணுமே கேட்டதில்லீங்க. நகை வேணும், துணி வேணும்னு ஒரு நாள் வாயைத் தொறந்ததில்ல. "அந்த மேடையில நின்னு ஒரு வேளை சோறாக்கிப் போட்டுட்டுச் செத்தாப் போதும்"னு ஒரு நா அழுதா. எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. "ஜெயிச்சு, மேடையை ஒசத்திக் கட்டித் தரேன், அப்புறம் ஆயுசுக்கும் நின்னு சமை"ன்னு ஆறுதல் சொன்னேன். அதுக்கு இன்னும் எச்சா அழுகறா. பொம்பளைகளை எப்படித்தான் சமாதானப்படுத்தறதோ போங்க. பையன் ஓசூர்ல இருக்கறான், "குடுத்துத் தொலைங்கப்பா"ன்னு போன்ல சொன்னான். அவனுக்கென்ன தெரியும்.

பார்த்துட்டே இருங்க, கண்டக்டர் அந்தப் பச்சைச் சட்டைக்கிட்டப் போறாரு. ம்... பாஸ் வெச்சிருக்கறானாட்ட. சரி, எதுனா பழைய பாஸா இருக்கும்.

அப்புறந்தான் நான் ஒரு காரியம் பண்ணுனேன். கமிஷனர் போடச் சொல்லி மனுப் போட்டேன். போலீஸு கமிஷனர் இல்லீங்க. கோர்ட்டே ஒரு வக்கீலை அனுப்பும், அவங்க வந்து எடத்தைப் பார்த்து எழுதிக் குடுப்பாங்க. மேடையைக் கண்ணுல பார்த்தா எவனும் நம்ம பக்கந்தான் பேசுவான்னு எனக்கு அத்தனை நம்பிக்கை. ஒரு சின்னப் பொண்ணைப் போட்டாங்க. முந்தின நாளே நான் தாராபுரம் போயி, வக்கீல்கூட உக்காந்து எல்லாத்தையும் பேசி, அங்கயே தங்கி, காலையில அந்தப் பொண்ணை ஒரு காருல வெச்சுக் கூட்டிட்டு வரேன்.

வந்து எறங்குனா, வாசல்ல கோலம்!

கதவு நெலையில மாவெலை. படியில மஞ்சள், குங்குமம். மூலைக்கு மூலை சேவல் ரத்தம் தெளிச்ச கறை. சென்னியப்பன் கோடி வேட்டி கட்டிக்கிட்டு வேலியோரமா நிக்கறான். சாவி என்ற இடுப்புல இருக்குது, கதவு தொறந்து கெடக்குது! அப்பத்தான் எனக்கு உறைக்குது. இன்னொரு சாவி அவன்கிட்டயே இருந்திருக்குது. ஊடு கைக்கு வரலைன்னு நாந்தானே எழுதிக் குடுத்தேன்? கைக்கு வராத ஊட்டுச் சாவி கட்டுனவன்கிட்டத்தானே இருக்கும். அதை எந்த வக்கீலும் ரோசிக்கல.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கறே?"ன்னு சத்தம் போட்டேன்.

"அக்கா வந்து கூப்புட்டாங்க. காசு கோர்ட்டு சொல்றப்பச் சொல்லட்டும், தச்சை மட்டும் கழிச்சுக் குடுன்னு கேட்டாங்க. மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க"ங்கறான். எப்படி நடிக்கறான் பாருங்க! கேஸுக்கு எது சாதகம்னு தெரிஞ்சுதானே செஞ்சான்?

நேரா சமையக்கட்டுக்குப் போனேன். மயிலாத்தா அடுப்புக்கிட்ட நிக்கறா, டீ கொதிக்குது. மொதல்ல அவ காலைத்தான் பார்த்தேன். எதுக்கு அங்க கண்ணு போச்சுன்னு தெரியல. பலகை இல்ல. பாதம் முழுசாத் தரையில பதிஞ்சு நிக்கறா. அவ அப்படி நின்னு சமைச்சு நான் பார்த்ததே இல்லீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. கோவமா, வேற என்னமான்னு சொல்லத் தெரியல. கோவந்தான்னு வெச்சுக்கங்க.

அந்தக் கமிஷனர் பொண்ணு டேப்பை வெச்சு அளந்துச்சு. அளந்துட்டு, "மேடை தாழ்வா இருக்குதுன்னு உங்க வீட்டுக்காரரு சொல்றாரு. நீங்க என்னம்மா சொல்றீங்க?"ன்னு கேட்டுது.

"அவருக்குத் தாழ்வுதானுங்க"ன்னா இவ. "அவரு நின்னா குனியோணும். ஆனா இந்நாள் வரைக்கும் நின்னதில்லீங்க. எனக்குச் சரியா இருக்குது."

"இந்த உயரத்துக்குப் போடச் சொன்னது யாரு?"

"நாந்தானுங்க. அவருகிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சு. எழுதறப்போ என்னைய ஒரு பார்வை பார்த்துச்சு. எதுக்குப் பார்த்துச்சுன்னு இன்னும் புரியல எனக்கு. மயிலாத்தா எல்லாருக்கும் டீ குடுத்தா. மேஸ்திரிக்குக் குடுத்தா, கார் டிரைவருக்குக் குடுத்தா. கடைசியா எனக்குக் கொண்டாந்து நீட்டுனா. சக்கரை கம்மியாத்தான் போட்டிருப்பா, எனக்குத் தெரியும். நான் வாங்கல. வாங்கிக் குடிச்சா ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். சித்த நேரம் டம்ளரை நீட்டிக்கிட்டே நின்னா. அப்புறம் மேடை மேல வெச்சுட்டா. அது அங்கயே ஆறிப் போச்சு. அந்த டீ இன்னும் என்ற நெஞ்சுல நிக்குதுங்க.

அதோட கேஸு முடிஞ்சுது. ஊட்டுக்காரம்மாவே குடியிருக்குது, கேட்டபடி கட்டியிருக்குதுன்னு தீர்ப்பு. பாக்கியும் குடுக்கோணும், செலவும் குடுக்கோணும். சுதாகரன் இன்னிக்கு, "போதும் சார், குடுத்துட்டு ஊட்டுக்குப் போங்க"ன்னுட்டாரு. அவரும் ஒரு வக்கீலா! வேற ஆளு பார்க்கப் போறேன். அப்பீலு.

நான் எங்க இருக்கறேன்னா கேக்கறீங்க? சாளையிலதான். பின்ன? அவ போயிட்டா, அது அவ இஷ்டம். நான் ஊட்டுக்குள்ள கால் வெச்சா அப்பீலு போச்சே. அவ மூணு வேளையும் சோறு கொண்டாந்து குடுத்துர்றா, அதுல குத்தம் சொல்லக்கூடாது. ருசிகூட இப்ப எச்சாத்தான் இருக்குது. பலகையை என்கிட்டயே உட்டுட்டுப் போயிட்டா, எனக்கு வேண்டாங்கன்னு. நான் அது மேலதான் உக்காந்து சாப்புடறேன். ஒசரம் சரியா இருக்குது உக்கார்றதுக்கு. இன்னொன்னு, அவ பாடறா தம்பி. சோறாக்கறப்போ. கட்டிக்கிட்டு இத்தனை காலத்துல அவ பாடுவான்னு எனக்குத் தெரியாது. சாளை வரைக்கும் கேக்குது. ஒரு பேப்பரைப் படிக்க முடியல. படிக்கோணும்னு எடுப்பேன், பாட்டு நின்ன பொறகு பார்த்தா எடுத்த பக்கத்துலயே இருப்பேன்.

இருங்க, அடுத்த ஸ்டாப்பு என்னோடதுதான். முக்கியமானதைச் சொல்லல இன்னும். அப்பீலுக்குப் புதுசா ஒரு கோளாறு கெடைச்சிருக்குது. வாசக்கதவு. சாத்த மாட்டேங்குது. காத்தடிச்சாப் போதும், படார் படார்னு அடிச்சுக்குது. சாளையில படுத்திருக்கற எனக்குத் தூக்கமே இல்ல. மேஸ்திரி கதவைச் சரியா மாட்டல, அதைத்தான் மொதல் பாயிண்டா வெக்கப் போறேன்.

நேத்து சோறு கொண்டாந்தப்போ அவகிட்டயும் சொன்னேன். "தாப்பாள் நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான் போடறதில்ல"ன்னா. "ஒத்தைப் பொம்பளை இருக்கற ஊடு, போடாம எதுக்குத் தொறந்து வெக்கறே?"ன்னு கேட்டேன். என்ற மூஞ்சியவே பார்த்தா. "நீங்களே ரோசனை பண்ணுங்க"ன்னுட்டு, தட்டத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பாருங்க, இப்பக்கூட மேஸ்திரியைத்தான் காப்பாத்தறா!

வந்துருச்சுங்க. ஏனுங்க கண்டக்டர், எறங்கோணும், நிறுத்துங்க. தம்பி, அந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுங்க. நீங்க படிச்சவங்களாட்ட இருக்கறீங்க, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தாப்பாளும் நல்லா இருந்து, ஆளும் உள்ள இருந்து, ராத்திரி முச்சூடும் ஒரு கதவு தொறந்தே கெடந்தா, அதைக் கோர்ட்டுல என்ன கோளாறுன்னு எழுதறது?